பழைய பொருட்களைத் தானமாகக் கொடுப்பது எப்படி? முதன்முறை கொடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை

அலமாரியைக் காலி செய்யும்போது இரண்டு மூன்று மூட்டை சேர்ந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு சர்ச் வாசலிலோ தொண்டு நிறுவன வாசலிலோ வைத்துவிட்டு வந்தால் நல்ல காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்போம். நான் சில காலம் பழைய பொருட்களை விற்கும் தொண்டுக் கடை ஒன்றில், வருகிற மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் மேசையில் உதவியாக இருந்தேன். மூட்டை வந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த வேலையில் பாதியை நம் வீட்டிலேயே முடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எங்கே கொடுக்கப் போகிறோம்?

மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேலை செய்யும் விதம் வேறு.

சர்ச்சுகள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுக்கும். இன்ன வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் அங்கே தெரியும். அதனால் எந்தப் பொருள் யாருக்கு உதவும் என்று பார்த்துக் கொடுக்க முடியும். தொண்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட ஒரு தேவையை எடுத்துக்கொண்டு வேலை செய்பவை. வீடில்லாதவர்களுக்கான தங்குமிடம் ஒன்றுக்குப் போர்வையும் காலுறையும் வேண்டியிருக்கும், அழகு ஜாடியால் அவர்களுக்குப் பயனில்லை.

மூன்றாவது த்ரிஃப்ட் ஷாப். நாம் கொடுப்பதைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தைச் சேவைக்குச் செலவிடும் கடை. “நான் சும்மா கொடுத்ததைக் காசுக்கு விற்கிறார்களே!” என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்குள் நின்று பார்த்தால் மனம் மாறிவிடும். ஒரு அம்மா நான்கு சட்டைகளை விரித்துப் பார்த்து, நிறம் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, தன் பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போகிறார். கையேந்த வேண்டிய நிலை அவருக்கு இல்லை. அந்தப் பணம் இன்னொருவருக்குச் சாப்பாடாகவோ மருந்தாகவோ போய்ச் சேர்கிறது.

இந்தக் கடைகளுக்கும் சர்ச்சுக்கும் உள்ள உறவும் பழையது. 1902-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெத்தடிஸ்ட் (ஒரு கிறிஸ்தவச் சபைப் பிரிவு) போதகர் வசதியான வீடுகளில் சாக்குப் பையோடு போய்ப் பழைய பொருட்களைச் சேகரித்தார். வேலையில்லாத ஏழைகளை வைத்து அவற்றைப் பழுது பார்த்து விற்று, அதிலிருந்தே அவர்களுக்குக் கூலியும் கொடுத்தார். இப்படிப்பட்ட கடைகளை நடத்தும் இன்றைய குட்வில் என்ற தொண்டு நிறுவனம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

படி 2: கொண்டு போவதற்கு முன் கேளுங்கள்

ஒரு போன் போதும். இப்போது என்ன தேவை, எதை எடுத்துக்கொள்ள மாட்டீர்கள், எந்த நேரத்தில் வரலாம் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடர் நேரத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அப்போது பழைய துணி மலைபோல் குவிந்து, பிரிக்க ஆளில்லாமல் கிடக்கும். பணம் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் பணமே கொடுங்கள்.

படி 3: துணியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்

முதலில் எல்லாவற்றையும் துவைத்து, முழுக்கக் காய வையுங்கள். “முழுக்க” என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு பெரிய பை வந்தது. மேலே எல்லாம் நல்ல துணி, பல புத்தம் புதிது. அடியில் ஒரே ஒரு ஈரத் துண்டு. கட்டி வைத்த சில நாட்களில் அதிலிருந்து பூஞ்சை ஏறி, கரும்புள்ளியும் முடை நாற்றமுமாகப் பை முழுக்கப் போய்விட்டது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனாலும் அத்தனையையும் குப்பையில் போட வேண்டியிருந்தது.

காய்ந்த பிறகு ஜன்னல் பக்கம் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு சட்டை என்றால் முதலில் காலரின் உள்மடிப்பு, அடுத்து அக்குள், அப்புறம் மணிக்கட்டுப் பட்டி. அழுக்கு தங்குவதும் கிழிவதும் இந்த மூன்று இடங்களில்தான். பிறகு பொத்தான்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் தைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பாக்கெட்டுகளில் கைவிட்டுப் பாருங்கள். பணம், சாவி, அடையாள அட்டை எல்லாம் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன.

கடைசியாக ஒரு கேள்வி: என் தங்கைக்கோ நண்பனுக்கோ இதைத் தயங்காமல் கொடுப்பேனா? தயக்கம் வந்தால் அந்தத் துணியைத் தனியே வையுங்கள். சில இடங்களில் கிழிசல் துணியையும் துடைக்கும் துணியாகவும் மறுசுழற்சிக்கும் எடுத்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டு, ‘கிழிசல்’ என்று எழுதிய தனிப் பையில் கொடுங்கள்.

படி 4: மற்ற பொருட்கள்

செருப்பு, ஷூ: ஜோடி பிரியாமல் லேஸால் சேர்த்துக் கட்டுங்கள். ஒற்றைக் கால் ஷூவை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மின்சாதனம்: ஓடுகிறதா என்று பார்த்து, அதன் ஒயரையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள். போன், லேப்டாப் என்றால் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாத் தகவலையும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள்.

விளையாட்டுப் பொருள், புதிர் அட்டை: துண்டுகளை எண்ணிச் சரியாக இருந்தால் மட்டும் கொடுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அதை வாங்கிப் போகும் குழந்தை ஏமாந்து போகும்.

படி 5: இவற்றைக் கொடுக்காதீர்கள்

மருந்துகள், திறந்த அழகுசாதனப் பொருட்கள், கறை படிந்த மெத்தை. ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டும் வேண்டாம். வெளியே கீறல்கூடத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருந்தால் அடுத்த அடியைத் தாங்காது. குழந்தைகளுக்கான கார் சீட்டில் காலாவதித் தேதி இருக்கும், அது கடந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மூட்டைப்பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும் வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோக வேண்டாம். ஒரு பை போதும், முழுக் கடைக்கும் பரவிவிடும்.

படி 6: கட்டுவதும் கொண்டு சேர்ப்பதும்

ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, பையின் மேல் எழுதி ஒட்டுங்கள். ஒரு ஆளால் தூக்க முடிகிற எடைதான் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தூக்குபவர்களில் பலர் வயதான தன்னார்வலர்கள். கடை மூடியிருக்கும்போது வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். ஒரு மழை போதும், இத்தனை உழைப்பும் வீணாகிவிடும். திறந்திருக்கும் நேரத்தில் போய்க் கையில் கொடுங்கள்.

வரிச் சலுகை வேண்டுமென்றால் அங்கேயே ரசீது கேட்டு வாங்குங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது.

அப்புறம், கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், பிரிக்கும் மேசையில் ஆள் தேவையா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் போன நாட்களில் ஒருநாள்கூட அங்கே மூட்டை இல்லாமல் இருந்ததில்லை.