ஒட்டுக்கேட்பைப் பற்றிக் கதைக்கும்போது நாம் விடும் பிழைகள்

"நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவு செய்யப்படும், வட்ஸ்அப்பில் சிவப்புச் சரிக்குறி வந்தால் உங்கள்மீது நடவடிக்கை தொடங்கிவிட்டது" என்றொரு செய்தி எங்கள் மட்டக்களப்புக் குடும்பக் குழுக்களில் அடிக்கடி சுற்றிவரும். கடைசியாக அதை எனக்கு அனுப்பியவர் கல்லடியில் இருக்கும் மாமி. வட்ஸ்அப்பில் சிவப்புச் சரிக்குறி என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் அதை நம்பி, பிள்ளையின் பேஸ்புக் பதிவுகளை இரவோடிரவாக அழிக்கச் சொன்னவர்கள் உண்டு. 2018இல் அம்பாறையில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை என்று பரவிய பொய், பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் தாக்குதலாக முடிந்ததைக் கண்டவர்கள் நாங்கள். சரிபார்க்காமல் அனுப்புவதுதான் முதல் பிழை.

ஆனால் "எல்லாம் புரளி" என்று தள்ளிவிடுவதும் பிழையே. 2013 ஜூனில், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வேர்ட் ஸ்நோடன் கொடுத்த ஆவணங்களை கார்டியன், வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகைகள் வெளியிட்டன. ஓர் அரசு தன் சொந்த மக்களையே மொத்தமாகக் கண்காணித்தது அதில் வெளிவந்தது.

இதைச் சொல்லும்போது பலரும் "அமெரிக்கா எல்லாருடைய கதையையும் ஒட்டுக்கேட்டது" என்கிறார்கள். அது சரியில்லை. முதலில் வெளிவந்தது ஒரு இரகசிய நீதிமன்றத்தின் கட்டளை. 2013 ஏப்ரல் 25 முதல் ஜூலை 19 வரை, வெரைசன் தொலைபேசி நிறுவனம் தன் அழைப்புப் பதிவுகளை நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்று அது சொன்னது. எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பவை அந்தப் பதிவுகள். பேசிய பேச்சு அதில் இல்லை. பிரிசம் என்ற மற்றத் திட்டம் வேறு சட்டப் பிரிவின்கீழ், கூகுள், பேஸ்புக் போன்ற நிறுவனங்களிடமிருந்து மின்னஞ்சல், அரட்டை போன்ற உள்ளடக்கத்தைப் பெற்றது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால், பிறகு எந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது, எது தொடர்ந்தது என்பதே விளங்காமல் போகும்.

"இலக்கங்கள்தானே, பேச்சைக் கேட்கவில்லையே" என்று ஆறுதல் அடைவதைத்தான் நான் மிகப் பெரிய பிழை என்பேன். அமெரிக்க அதிகாரிகளும் அன்று இதைத்தான் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர் இதை நம்பவே கூடாது. போர்க்காலச் சுற்றிவளைப்பில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் நடக்கவிட்ட காலத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்று தலையாட்டி சொன்னதில்லை. ஒரு தலையசைப்புத்தான். யாரோடு நின்றீர்கள், யார் வீட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதே ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகப் போதுமாக இருந்தது.

அழைப்புப் பதிவும் அந்த வேலையைத்தான் செய்கிறது, சத்தமில்லாமல். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருவர் காலையில் ஒரு சட்டத்தரணிக்கும், பிறகு மனித உரிமை அலுவலகம் ஒன்றுக்கும், மாலையில் ஒரு செய்தியாளருக்கும் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லும் கேட்காமலே அவர் என்ன செய்யப் போகிறார் என்பது தெரிந்துவிடும். அந்தச் செய்தியாளரோடு வேறு யார் யார் தொடர்பில் இருக்கிறார்கள் என்பதும் கூடவே வந்துவிடும்.

"நீதிமன்றம் அனுமதித்ததுதானே, சட்டப்படி நடந்ததுதானே" என்பவர்களும் உண்டு. அந்த இரகசிய நீதிமன்றம் அரசுத் தரப்பை மட்டுமே கேட்டது. விடயம் வெளியே வந்து, வழக்கு வெளிப்படையான நீதிமன்றங்களுக்குப் போனதும் கதை மாறியது. 2015 மேயில் நியூயோர்க்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், தொலைபேசிப் பதிவுகளைக் கேட்ட கட்டளைக்கு அடிப்படையான சட்டப் பிரிவு இப்படி மொத்தமாகச் சேகரிக்க இடம்தரவில்லை என்றது. அடுத்த மாதமே, மொத்தச் சேகரிப்பை நிறுத்தும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது. பயங்கரவாதத்தைத் தடுக்க உதவியதா என்றால், 2014 ஜனவரியில் அரசின் சொந்த மேற்பார்வைச் சபையே ஆராய்ந்துவிட்டு, அமெரிக்காவுக்கு அச்சுறுத்தலான பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவை இந்தத் தொலைபேசித் திட்டம் உருப்படியாக மாற்றியதாக ஒரு சம்பவமும் இல்லை என்று எழுதியது. ஆவணங்கள் கசிவதற்கு மூன்று மாதம் முன்பு, கோடிக்கணக்கான அமெரிக்கரின் தரவைச் சேகரிக்கிறீர்களா என்று செனட் குழுவில் கேட்டபோது புலனாய்வுத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் "இல்லை" என்றுதான் பதில் சொல்லியிருந்தார்.

அப்புறம் பொருளாதாரம். இது வெறும் அரசியல் பரபரப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் விலகுவதால் அமெரிக்க மேகக் கணினித் துறை (இணையத்தின் வழியே தரவைச் சேமித்துத் தரும் சேவைகள்) மூன்று ஆண்டுகளில் 22 முதல் 35 பில்லியன் டொலர் வரை இழக்கக்கூடும் என்று 2013 ஓகஸ்டில் வொஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவனம் கணித்தது. தன் தொடர்புகளும் வேவு பார்க்கப்பட்டதை அறிந்த பிரேசில் ஜனாதிபதி டில்மா ரூசெஃப் அமெரிக்கப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். அன்றைய ஜேர்மன் சான்சலர் அங்கெலா மேர்க்கெலின் கைத்தொலைபேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாக விவகாரம் வெடித்த பின், 2014இல் ஜேர்மன் அரசு வெரைசனோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2015 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பியரின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிவிட்ட உடன்பாட்டையே செல்லாது என்றது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் திண்டாடின. அதற்கு மாற்றாக வந்த உடன்பாடும் 2020இல் அதே நீதிமன்றத்தில் விழுந்தது.

அதற்காக எல்லா இழப்பையும் வேவின் தலையில் கட்டவும் கூடாது. 2013 டிசம்பரில் பிரேசில் அமெரிக்காவின் போயிங்கை விட்டுவிட்டு சுவீடனின் 36 கிரிப்பென் போர் விமானங்களைத் தெரிந்தெடுத்ததை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். வேவு விவகாரம் போயிங்கின் வாய்ப்பைக் கெடுத்தது என்ற பேச்சு இருந்தது உண்மை. ஆனால் விலையும் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்வதும்தான் பிரேசில் சொன்ன காரணங்கள்.

"அது அமெரிக்கர் பிரச்சினை" என்பது எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மையில் பிரிசம் திட்டம் குறிவைத்தது அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அமெரிக்கர் அல்லாதவர்களை. அமெரிக்கருக்குச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு, கனடாவில் இருக்கும் தங்கைக்கு ஜிமெயிலில் எழுதும் களுவாஞ்சிக்குடிக்காரருக்கு இல்லை. உள்ளூரிலும் நிலைமை திடமானதல்ல. இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கான உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. தனிப்பட்ட தரவைப் பாதுகாக்கும் சட்டமே 2022இல்தான் வந்தது.

கடைசியாக, "வட்ஸ்அப்பில் கதைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது" என்ற நம்பிக்கை. 2016 ஏப்ரலிலிருந்து அதில் உள்ள பேச்சும் செய்தியும் முழுக்கக் குறியாக்கம் செய்யப்படுகின்றன (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி), சரி. யாரோடு, எப்போது என்பதை அந்தக் குறியாக்கம் மறைக்காது. கூகுள் டிரைவில் சேரும் காப்புப் பிரதிக்கும் குறியாக்கத்தை நாமே அமைப்புகளில் போய்த்தான் போட வேண்டும். மாமியின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். அதன் கடவுச்சொல் தொலைந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. அதனால் அவர் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைக்கச் சொன்னேன்.