சென்னை மாகாண போலீஸ்: ஒரு மேலதிகாரியின் நியமனத்தையும் சம்பளத்தையும் ஆவணத்தில் பிடிப்பது எப்படி

ஊர் வரலாறு எழுதுபவர்கள் பலரும் சிவில் லிஸ்டில் (அரசு அதிகாரிகளின் அச்சிட்ட பட்டியல்) ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு, 'இன்னார் இந்த ஜில்லாவின் சூப்பிரண்டு, சம்பளம் இவ்வளவு' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் குறைந்தது மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கும்: அவருடைய நிலையான பதவி, அன்று அவர் பார்த்த வேலை, கையில் வாங்கிய பணம். இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் முக்கியமான வேலை.

முதலில் அவர் எந்த வழியில் வந்தவர் என்று பாருங்கள். மாகாண போலீஸ் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தில் உருவானது. 1861-ஆம் ஆண்டின் அகில இந்தியச் சட்டத்தை இங்கே பொருத்திப் படிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சென்னை நகரப் போலீஸும் தனி. அதன் கமிஷனரை 1888-ஆம் ஆண்டின் நகரப் போலீஸ் சட்டத்தோடு சேர்த்துத் தேடுங்கள். 1893-க்கு முன் சேர்ந்தவர் என்றால் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்தவர், அல்லது பரிந்துரையில் நியமனம் பெற்றவர். 1893 முதல் லண்டனில் போட்டித் தேர்வு. 1920-களில் இந்தியாவிலும் தேர்வு தொடங்கியது. முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன் சிவில் சர்வீஸ்காரர். அப்படிப்பட்டவரைப் போலீஸ் பட்டியலில் மட்டும் தேடினால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும். சிவில் சர்வீஸ் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

ஏ.எஸ்.பி.யையும் (உதவி சூப்பிரண்டு) டி.எஸ்.பி.யையும் (துணை சூப்பிரண்டு) குழப்பிக்கொள்ளாதீர்கள். போலீஸ் நிர்வாகத்தை ஆராய்ந்த 1902-03 ஃப்ரேசர் கமிஷனுக்குப் பிறகு, இந்தியர்களுக்கென்று மாகாண சர்வீஸில் டி.எஸ்.பி. பதவி வந்தது. வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஏ.எஸ்.பி. லண்டன் வழி வந்த உயர் சர்வீஸைச் சேர்ந்தவர். சூப்பிரண்டாவது அவருக்கு வழக்கமான அடுத்த படி. டி.எஸ்.பி.யோ பதவி உயர்வுக்காகக் காத்திருக்க வேண்டும். இருவர் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

அடுத்தது 'ஆக்டிங்', அதாவது தற்காலிகமாகப் பதவி பார்ப்பது. மேலே ஒருவர் நீண்ட விடுப்பில் சீமைக்குப் போனால், கீழே உள்ளவர்கள் வரிசையாக ஒரு படி ஏறி வேலை பார்ப்பார்கள். அவர் திரும்பியதும் எல்லோரும் இறங்குவார்கள். ஆகவே ஒரே ஆண்டில் ஒருவர் இரண்டு பதவிப் பெயர்களோடு வந்தால் அது அச்சுப்பிழை இல்லை. மாகாண அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் நியமன அறிவிப்பைக் கண்டதும், பொறுப்பேற்ற தேதியையும் தேடுங்கள். சம்பளம் ஓடுவது பொறுப்பேற்ற நாளிலிருந்துதான், அறிவிப்பு வந்த நாளிலிருந்து அல்ல. முற்பகலா பிற்பகலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் என்றால் கணக்கு மறுநாள் தொடங்கும்.

இனி பணம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. தசமப் புள்ளி போட்டுக் கூட்டினால் தப்பாகிவிடும். கணக்குக்காக மாதம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1886-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கு ரூபாய்க்கு 5 பை வரி. மொத்தம் 3,500 பை, அதாவது 18 ரூபாய் 3 அணா 8 பை பிடித்தம்.

அதே காலத்தில் கூடுதலாக வந்தது நாணய மாற்று ஈட்டுப்படி. ரூபாயின் மதிப்பு சரிந்ததால், இங்கே நிரந்தரமாகக் குடியேறாத ஐரோப்பியருக்கு 1893-இல் கொடுக்கத் தொடங்கியது. சம்பளத்தில் பாதியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்) என்று கணக்கிட்டு, சந்தை விலையோடு உள்ள வித்தியாசத்தைத் தந்தார்கள். சந்தை விலை 1 ஷில்லிங் 4 பென்ஸாக நின்றபோது அது மொத்தச் சம்பளத்தில் நூற்றுக்கு ஆறேகால்: 700-க்கு 43 ரூபாய் 12 அணா. பக்கத்து ஜில்லாவில் அதே தரத்தில் இருந்த இந்திய அதிகாரிக்கு இது கிடையாது. பிற்காலத்தில் வந்த கடல்கடந்த பணிப்படியும் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் வந்ததுதான். படிகளையும் சேர்த்த தொகையை 'சம்பளம்' என்று எழுதாதீர்கள்; தனி வரியில் போடுங்கள்.

பிரிட்டிஷ் பவுண்டுக்கு (20 ஷில்லிங்) மாற்றும்போது ஆண்டைப் பாருங்கள். ரூபாய் 2 ஷில்லிங்காக இருந்தால் ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய். 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்றால் 15. 1927-க்குப் பின் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றால் பதின்மூன்றே மூன்றில் ஒரு பங்கு.

தேட வேண்டிய இடங்கள்: எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவு. கெஜட்டை நேரடியாகப் புரட்டுவதற்கு முன், அதிகாரிகளின் பணி வரலாற்றுத் தொகுதியைப் பார்த்து ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு போனால் பல நாள் உழைப்பு மிச்சமாகும்.