பிரான்சில் வங்கிக் கணக்கு தொடங்கிய கதை
பிரெஞ்சு படிக்கும்போது, பிரான்சில் ஒரு பள்ளியில் ஆங்கில உதவியாசிரியர் வேலை கிடைத்தது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, வாரம் 12 மணி நேரம். வகுப்பறை சுலபம், வங்கிதான் பாடாய்ப் படுத்தியது. சம்பளம் போட 'ரிப்' வேண்டுமாம், அதாவது கணக்கு விவரம் அச்சிட்ட தாள். கணக்கு தொடங்க முகவரிச் சான்று வேண்டும். வாடகைக்கு வீடு பார்த்தால், வீட்டுக்காரர் முதலில் கேட்டதும் அதே ரிப்!

அப்போது சக ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். "இவர் என் வீட்டில் வசிக்கிறார்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் அடையாள அட்டை நகலையும் மின்கட்டண ரசீதையும் அதோடு சேர்த்துப் பின் அடித்துத் தந்தார். வங்கி ஏற்றுக்கொண்டது. மறுத்திருந்தால் மறுப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் து பிரான்சுக்குப் போயிருப்பேன். கணக்கு தர வேண்டிய வங்கியை அவர்களே குறித்துக் கொடுப்பார்கள்.