ஃபோர்ஸா ஹொரைஸன் 5: கொட்டகையில் கிடக்கும் பழைய கார்களைத் தேடி எடுப்பது எப்படி?

மெக்ஸிகோவில் நடக்கும் கார் பந்தய வீடியோ கேமான ஃபோர்ஸா ஹொரைஸன் 5 வந்தது 2021 நவம்பரில். இன்றும் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ரேஸ், ரேஸ் என்று ஓடிவிட்டு, மெக்ஸிகோ மேப்பின் பாதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது பார்ன் ஃபைண்ட்தான். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஒரு பாழடைந்த கொட்டகை இருக்கும். அதற்குள் தூசியும் துருவும் ஏறிப்போய் ஒரு பழைய கார் நிற்கும். அதைக் கண்டுபிடித்துச் சீர்செய்தால் அது உங்களுடையது.

முதலில் வதந்தி வர வேண்டும். ஆட்டத்தில் கொஞ்சம் முன்னேறி, ஆட்டத்தின் கதையில் வரும் ஹொரைஸன் கார் விழாவின் அடுத்தடுத்த கட்டங்களைத் திறந்துகொண்டே போனால், எங்கோ ஒரு பழைய கார் இருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது என்று செய்தி வரும். மேப்பில் ஊதா நிறத்தில் ஒரு வட்டமும் விழும். அந்த வட்டத்துக்குள் எங்கோதான் கொட்டகை இருக்கிறது. சரியான இடத்தை ஆட்டம் காட்டாது. வதந்தி வருவதற்கு முன்பே காடு மேடெல்லாம் அலைவது வீண் வேலை.

அடுத்தது, எந்தக் காரில் போவது என்பது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் போகவே போகாதீர்கள். கொட்டகைகள் பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டு விலகி, மண்பாதை முடிகிற இடத்திலோ மரங்களுக்கு நடுவிலோதான் இருக்கும். தொடக்கத்திலேயே கார்வெட், சூப்ரா, ஃபோர்டு பிராங்கோ என மூன்று கார்கள் கையில் வந்துவிடுமே, அதில் பிராங்கோவை எடுங்கள். கள்ளிச்செடி, கல்வேலி எதுவானாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும்.

இனி தேடல். புதியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேப்பில் வட்டத்தின் நடுவில் ஒரு குறி வைத்து, அங்கே போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் கண்டபடி சுற்றக் கூடாது. திரையின் ஓரத்தில் இருக்கும் சின்ன மேப்பைப் (மினிமேப்) பார்த்து, வட்டத்துக்குள் எந்தெந்த மண்பாதைகள் ஓடுகின்றன என்று கவனியுங்கள். கொட்டகை என்றால் ஒரு காலத்தில் அங்கே வண்டி போய் வந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பாதையையும் அதன் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதிலும் கிடைக்கவில்லையா? பாதைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வரிசையாக ஓட்டுங்கள். வேகம் வேண்டாம். நான் முதன்முதலில் தேடியபோது ஒரு கொட்டகையை மூன்று முறை கடந்து போயிருக்கிறேன். காரணம் வேகம் மட்டும்தான்.

அடர்ந்த காடாக இருந்தால் டிரோன், அதாவது ஆட்டத்தில் உள்ள பறக்கும் கேமரா, கை கொடுக்கும். காரை நிறுத்திவிட்டு, ஆட்டத்துக்குள் வழிகாட்டும் உதவியாளரான அனாவின் மெனுவில் டிரோன் மோடைத் திறந்து, மேலே போய்ப் பாருங்கள். மர உச்சிகளுக்கு நடுவே தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் டிரோனால் காரை எடுக்க முடியாது. இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, நீங்கள்தான் வாசல்வரை ஓட்டிப் போக வேண்டும். மணற்புயல் அடிக்கும்போது மட்டும் தேடலை ஒத்திப்போடுங்கள், எதிரில் இருப்பதே தெரியாது.

இணையத்தில் எல்லா இடங்களும் படத்தோடு கிடைக்கும். முதல் இரண்டு மூன்று கார்களுக்காவது அதைப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குவானஹுவாட்டோ நகரின் குறுகிய தெருக்களும், கிரான் கல்தேரா எரிமலையின் சரிவுகளும் எனக்கு மனப்பாடம் ஆனது இப்படி அலைந்து அலைந்துதான். அந்தப் பழக்கம் பிறகு எந்த ரேஸிலும் உதவும். தூரம் போவது அலுப்பாக இருந்தால் 20 லட்சம் கிரெடிட் (ஆட்டத்தில் புழங்கும் பணம்) சேர்த்து புவேனாஸ் விஸ்டாஸ் வீட்டை வாங்குங்கள். அதன்பின் மேப்பில் நீங்கள் ஏற்கெனவே ஓட்டிய எந்தச் சாலைக்கும் நொடியில் போய்விடலாம்.

கொட்டகையை நெருங்கியதும் ஒரு காட்சி ஓடும், கார் உங்கள் கேரேஜுக்குப் போய்விடும். ஆனால் உடனே ஓட்ட முடியாது, சீர்செய்ய நேரம் பிடிக்கும். கிரெடிட் கட்டினால் சீக்கிரம் முடித்துத் தருவார்கள். தொடக்கத்தில் கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு செலவுகள் காத்திருக்கின்றன, வேலையும் தானாகவே முடிந்துவிடும். முடிந்ததும் அறிவிப்பு வரும். வீட்டுக்கோ விழாத் தளத்துக்கோ போய், பார்ன் ஃபைண்ட் பகுதியைத் திறந்து காரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வோச்சோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு மெக்ஸிகோக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் அது. உலகமெங்கும் பழைய பீட்டில் நின்றுபோன பிறகும் அங்கே புவெப்லா ஆலையில் தயாராகிக்கொண்டே இருந்தது. கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்றுதான் வெளியே வந்தது. மெக்ஸிகோ நகரில் பச்சையும் வெள்ளையுமான வோச்சோ டாக்ஸிகள் ஒரு தலைமுறையையே சுமந்திருக்கின்றன. ஆட்டத்திலும் வோச்சோ என்ற பெயரில் ஒரு தனிக் கதை உண்டு. அதைத் தவறவிடாதீர்கள்.

சீர்செய்து வந்த கார், அப்கிரேட் எதுவும் இல்லாமல் அதன் அசல் நிலையிலேயே வரும். பீட்டில் மாதிரியான கார் டி கிளாஸில்தான் (கார்களின் திறன் வரிசையில் மிகக் கீழ்ப் படி; அதற்கு மேல் சி, பி, ஏ, எஸ்1 என்று போகும்) இருக்கும், ரேஸில் பின்தங்கும். அப்கிரேட் கடையில் முதலில் டயரையும் பிரேக்கையும் மாற்றுங்கள், எடையைக் குறையுங்கள். எஞ்சினைக் கடைசியில் தொடுங்கள். எடுத்த எடுப்பிலேயே பெரிய எஞ்சினைப் பொருத்தி எஸ்1 கிளாஸுக்கு ஏற்றினால், வளைவில் நிற்காத காராகிவிடும். சி அல்லது பி கிளாஸ்வரை ஏற்றினால் ஓட்டவும் சுகம், பழைய காரின் குணமும் போகாது. நண்பருக்கு அந்தக் கார் வேண்டுமென்றால் பரிசாக அனுப்பும் வசதியும் இருக்கிறது. அனுப்பினால் அது உங்கள் கேரேஜில் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.