மயிலாப்பூர் பங்குனித் திருவிழா: எந்த நாள் வருவது, எங்கே நிற்பது

மாசி பிறந்தாலே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அறுபத்துமூவர் என்னைக்கு அத்தை?" நாயன்மார் அறுபத்துமூன்று பேரும் வீதி வலம் வருகிற நாளைத்தான் கேட்கிறார்கள். மாட வீதிக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் சொந்தக்காரர்களுக்கு நான்தான் பஞ்சாங்கம். உண்மையில் தேதிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலண்டரில் பங்குனிப் பௌர்ணமியைப் பாருங்கள். கபாலீஸ்வரர் கோயிலில் அன்று பத்தாம் நாள், திருக்கல்யாணம். அங்கிருந்து பின்னால் எண்ணினால் இரண்டு நாள் முன்பு அறுபத்துமூவர், மூன்று நாள் முன்பு தேர், ஏழு நாள் முன்பு அதிகார நந்தி. 2025இல் பௌர்ணமி ஏப்ரல் 12, அறுபத்துமூவர் ஏப்ரல் 10. திதி இரண்டு நாளில் படர்ந்தால் கணக்கு ஒரு நாள் இடறலாம். அதனால் லீவு போடுமுன் கோயில் திருவிழா அழைப்பிதழை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள் வருவது என்பதில்தான் எனக்கும் ஊராருக்கும் அபிப்பிராய பேதம். எல்லோரும் எட்டாம் நாள் அறுபத்துமூவருக்கே அடித்துப் பிடித்து வருகிறார்கள். ஒரே நாள்தான் முடியும், கூடவே வயதானவர்கள் வருகிறார்கள் என்றால், நான் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தியைத்தான் சொல்வேன். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினாறு கால் மண்டபத்துப் பக்கம் வந்துவிடுங்கள். 1917இல் செய்த வெள்ளி வாகனம் அது. காளை முகமும் மனித உடம்புமாக நந்தி, மேலே சுவாமி. கோபுரம் கிழக்கே பார்த்தது என்பதால் எழும்புகிற வெயில் நேரே வெள்ளியில் விழும். அந்தப் பளபளப்பு கொஞ்ச நேரம்தான் இருக்கும், எட்டு மணிக்கு வந்தால் அது கிடைக்காது. போனை உயர்த்திப் பிடித்துப் பின்னால் நிற்பவரை மறைக்காமல் கண்ணால் பாருங்கள். புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி எடுப்பார், சுவாமி புறப்படும்போது வாசிக்கிற இசை அது. அதைத் தவில் பக்கத்தில் நின்று கேட்டால்தான் ருசி. அம்பாள் கந்தர்வி வாகனத்தில் பின்னாலேயே வருவாள்.

ஐந்தாம் நாள் ரிஷப வாகனம் இரவு வெகுநேரம் கழித்துத்தான் புறப்படும். தூக்கம் விழிக்க முடிந்தவர்களுக்கு மட்டும்.

ஏழாம் நாள் தேர். வடம் பிடிக்க ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. பிடிக்க ஆசைப்பட்டால் வடத்துக்கு வெளிப்புறமாகவே நில்லுங்கள், இரண்டு வடத்துக்கும் நடுவே போகாதீர்கள். குழந்தைகளைத் தெரு முனையில் நிறுத்திக் காட்ட வேண்டியது முட்டுக்கட்டை போடுகிறவர்களை. ஓடுகிற சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைச் செருகித்தான் அவ்வளவு பெரிய தேரைத் திருப்புகிறார்கள். கட்டை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் தேரின் தலையெழுத்தே இருக்கிறது. கட்டை கிறீச்சிடும், தேர் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும், உடனே அடுத்த கட்டை. பங்குனி வெயிலில் தார் ரோடு காலைப் பொசுக்கும். வெறுங்காலோடு நிற்பதாக இருந்தால் நிழல் விழுகிற ஓரமாகப் பார்த்து நில்லுங்கள்.

அறுபத்துமூவருக்கே வருவேன் என்பவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய கதையை அன்று காலை குளக்கரையில் நடத்திக் காட்டுவார்கள். தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இந்த ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலே போகிறாயே பெண்ணே என்று கேட்கிற பதிகம் அது. அடியார்களுக்கு அமுது படைப்பதும் அதில் வருகிறது. அன்றைக்கு மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு சோறு போடுவதைப் பார்த்தால் பதிகம் இன்னும் முடியவில்லை என்றே தோன்றும்.

மத்தியானம் மூன்று மணிவாக்கில் ஊர்வலம். சாமி பின்னால் ஓடாதீர்கள். தெற்கு மாட வீதி, குளத்தை ஒட்டிய ராமகிருஷ்ண மடம் சாலை, வடக்கு மாட வீதி என்று எல்லோரும் வலம்தான் வரப்போகிறார்கள். ஒரு இடத்தில் நின்றால் நாயன்மார் அத்தனை பேரும், முண்டகக்கண்ணி அம்மன், கோலவிழி அம்மன், வாசுகியோடு திருவள்ளுவர் வரைக்கும் உங்கள் எதிரே வருவார்கள். என் சிபாரிசு குளத்துப் பக்கம். சாலை அகலம், மூச்சு முட்டாது, சாயங்காலம் கடல்காற்றும் எட்டும். வடக்கு மாட வீதியில் கடைகளும் கூட்டமும் சேர்ந்து நெரிக்கும்.

வண்டியை வீட்டிலேயே விடுங்கள். சுற்றுப்பட்ட தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். சங்கிலி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், வருஷா வருஷம் யாராவது ஒருவர் கழுத்தைத் தடவிக்கொண்டு அழுவதைப் பார்க்கிறேன். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போடுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரும் சின்னக் கிண்ணமும் பையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தம்ளருக்கு 2019லிருந்து தடை. பானகம், நீர்மோர், சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று வாங்கிக்கொண்டே இருக்கலாம். ஆனால் முதல் பந்தலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள், நாலாவது பந்தல் வெண்பொங்கல் நன்றாக இருந்துவிட்டால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

கூட்டமே ஆகாது என்பவர்களுக்குத் தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் குளத்தில் தெப்பம் இருக்கிறது. இருட்டுவதற்குள் படிக்கட்டில் இடம் பிடித்தால் உட்கார்ந்தே பார்க்கலாம். மாசி மகத்தன்று சுவாமி மெரினாவுக்குத் தீர்த்தவாரிக்கு, அதாவது கடலில் நீராட, போவார். அதற்குக் காலையிலேயே மணலுக்குப் போய்விட வேண்டும், மாற்றுத் துணியோடு.