முதல் கதையில் தப்பித்த வேற்றுகிரகவாசி அடுத்த நாவலில் மாட்டிக்கொள்வது ஏன்?

ஒரே ஒரு கதைக்காக வேற்றுகிரக இனத்தை உருவாக்குவது பெரிய வேலை இல்லை. விசித்திரமான உடல், பிடிபடாத ஒரு குணம், கொஞ்சம் பயம், அவ்வளவுதான். அதே இனத்தை மூன்றாவது, நான்காவது கதைக்கும் கூட்டிவரும்போதுதான் சிக்கல். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் தன் ‘நோன் ஸ்பேஸ்’ கதைவரிசையில் இதைச் சமாளித்த இடங்களும் உண்டு, சறுக்கிய இடங்களும் உண்டு. தொடர் எழுத நினைப்பவர்கள் இரண்டையும் பார்ப்பது நல்லது.

பலரும் செய்யும் தவறு, பழைய கதையில் சொன்னதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. நிவன் இதைச் செய்யவில்லை. அவர் உருவாக்கிய பப்பெட்டியர்கள் என்ற வேற்றுகிரக இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கால், இரண்டு தலை, தலைக்கு ஒரு கண். வாய்தான் அவர்களுக்குக் கை. மூளை இருப்பதோ தலைகளில் இல்லை, உடம்பில். பயங்கரமான கோழைகள், அதைவிடக் கெட்டிக்கார வியாபாரிகள். 1966இல் வந்த ‘நியூட்ரான் ஸ்டார்’ சிறுகதையில், எதுவும் துளைக்க முடியாது என்று அவர்கள் விற்ற கப்பலில் போன இருவர், ஈர்ப்பு விசை மிக அதிகமான நியூட்ரான் விண்மீனை நெருங்கியபோது செத்துப்போகிறார்கள். கப்பலின் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கொன்றது ஓத விசை, அதாவது நிலா நம் கடலை ஏற்றி இறக்குகிற அதே விசை. இது பப்பெட்டியர்களுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் உங்கள் கிரகத்துக்கு நிலாவே கிடையாது என்று கதாநாயகன் ஊகித்துவிடுகிறான். தங்கள் ஊர் எது என்பதை யாருக்கும் சொல்லாத இனம் அது. அதனால் இந்த ஒரு தகவலை வைத்தே மிரட்டிக் காசும் பார்த்துவிடுகிறான்.

நான்கு வருடம் கழித்து ‘ரிங்வேர்ல்ட்’ நாவலில் அவர்களுடைய உலகமே கண்ணில் படுகிறது. சூரியனே இல்லாமல், ஒன்றையொன்று சுற்றியபடி ஐந்து கிரகங்கள் கூட்டமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பால்வீதியின் மையத்தில் நடந்த வெடிப்பின் கதிர்வீச்சு இங்கே வந்துசேர இன்னும் சுமார் 20,000 வருடம் ஆகும். அதற்கு இப்போதே கிரகங்களோடு கிளம்பிவிட்டார்கள்! இனம் எவ்வளவோ பெரிதாகிவிட்டது, ஆனால் பழைய கதையின் நிலா இல்லாத உலகம் அப்படியே செல்லுபடியாகிறது.

ஒரு பாத்திரத்தை வைத்து இனம் முழுவதையும் எடைபோடுவது அடுத்த தவறு. இதற்கு நிவன் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புத்தி சரியாக இருக்கும் பப்பெட்டியர் எவரும் சொந்த உலகத்தைவிட்டு வெளியே வரமாட்டார். ‘ரிங்வேர்ல்டில்’ மனிதர்களோடு பயணம் செய்யும் நெசஸ் என்ற பப்பெட்டியர் அவர்கள் கணக்கில் ஒரு பைத்தியம். அப்படியானால் இத்தனை நாளும் மனிதர்கள் சந்தித்தது பைத்தியங்களை மட்டும்தான். பழைய கதைகளில் ஒரு வரியைக்கூட மாற்றத் தேவையில்லை, ஆனால் எல்லாவற்றையும் திரும்பப் படிக்கத் தோன்றும்.

குணத்தைக் கொடுத்துவிட்டு அதற்கான விலையை மறந்துவிடுவதும் உண்டு. நிவன் மறக்கவில்லை. புலியைப் போன்ற இன்னொரு இனமான கிஸின்டிகள் (ஒருமையில் கிஸின்) தயாராவதற்கு முன்பே பாய்ந்துவிடுவார்கள். அதனால் மனிதர்களோடு நடந்த போர்களில் வரிசையாகத் தோற்றார்கள். ஒவ்வொரு முறையும் செத்தது அதிக மூர்க்கமானவர்கள். கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். ‘ரிங்வேர்ல்டில்’ ஒரு கிஸின் தூதராக வந்து மனிதர்களோடு ஒரே கப்பலில் பயணம் செய்ய முடிவது இதனால்தான். கதைக்குள்ளேயே இயற்கைத் தேர்வு.

சரி, சறுக்கல்கள். கிஸின் பெண்களுக்குப் பகுத்தறிவு கிடையாது என்று எழுதிவிட்டார். பப்பெட்டியர்களிடமும் ஏறக்குறைய இதே நிலைமை. ஒரு இனத்தில் இருந்தால் உயிரியல் வினோதம் என்று விடலாம். இரண்டிலும் இருந்தால் எழுத்தாளருக்குப் பெண் பாத்திரங்கள் எழுத வரவில்லை என்றுதான் வாசகர் நினைப்பார். எல்லா இனத்தையும் ஒரே வேரில் கொண்டுபோய்க் கட்டும் ஆசையும் ஆபத்து. 1973இல் வந்த ‘புரொடெக்டர்’ நாவலில் மனிதர்களே பாக் என்ற வேற்றுகிரக இனத்தின் வழித்தோன்றல்கள். கதையாக அபாரம். ஆனால் சிம்பன்சியோடு நமக்கு இருக்கும் நெருங்கிய மரபணு உறவை என்ன செய்வது?

பிழையை வாசகர் கண்டுபிடித்துவிட்டால் மழுப்பாதீர்கள். ‘ரிங்வேர்ல்ட்’ என்ற பெயருக்கே காரணமான, விண்மீனைச் சுற்றிக் கட்டிய மாபெரும் வளையம் நிலையாக நிற்காது, மெல்ல விலகிப்போய் விண்மீனில் மோதிவிடும். 1971 உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கோஷமாகவே போட்டார்கள். நிவன் இதை வைத்தே ‘ரிங்வேர்ல்ட் இன்ஜினியர்ஸ்’ எழுதினார். வளையத்தை இடம் பிசகாமல் தள்ளிப் பிடிக்க அதன் விளிம்பில் எந்திரங்கள் இருந்தனவாம். அங்கே வாழ்ந்த நகரம் கட்டும் இனத்தார் அவற்றைக் கழற்றித் தங்கள் விண்கப்பல்களில் பொருத்திக்கொண்டார்கள். எழுத்தாளரின் கணக்குப் பிழை, அந்த இனம் செய்த குற்றமாகிவிட்டது.