வாங்காத கடனுக்கு வரும் வக்கீல் நோட்டீஸ்

தராசுச் சின்னம் பொறித்த தாளில், சிவப்பு எழுத்தில் ‘இறுதி எச்சரிக்கை’ என்று தலைப்பிட்டு, 48 மணி நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் கைது செய்யப்படுவீர்கள் என்று மிரட்டும் கடிதம் வந்தால், அதன் அடியில் உள்ள கைப்பேசி எண்ணை அழைக்கவோ க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ வேண்டாம். தவணை கட்டத் தவறுவது உரிமையியல் (சிவில்) விவகாரம். அதற்காக மட்டும் காவல்துறை யாரையும் கைது செய்வதில்லை.

முதலில் கடிதத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கடன் வழங்கிய தேதி, அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்ற விவரம் எதுவுமின்றி ‘நிலுவை ரூ.18,740’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம். வழக்கு எண் தரப்பட்டிருந்தால் நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். வங்கியின் பெயர் இருந்தால் கிளைக்கு நேரில் சென்று கேளுங்கள்; கடிதத்தில் உள்ள எண் கடிதம் எழுதியவரிடமே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால், உங்கள் பான் எண்ணை வேறொருவர் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதால், அறிக்கை தந்த நிறுவனத்திடம் ஆட்சேபம் பதிவு செய்வதோடு காவல்துறையிலும் புகார் தர வேண்டும்.

பழைய கடன் என்றால் இன்னும் கவனம் தேவை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பிணையில்லாக் கடனை வசூலிக்க வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகளே அவகாசம். அது முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, எழுத்துச் சான்றுடன் ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து 3 ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். முடிந்த பிறகும்கூட, ‘கட்டிவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது செல்லுபடியாகும் வாக்குறுதியாகிவிடும். ‘இப்போதைக்கு ஐந்நூறு மட்டும் போட்டு ஒரு லெட்டர் கொடுங்க சார், மீதியைப் பேசிக்கலாம்’ என்று வசூல் முகவர் கனிவாகப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே பதிலை அளந்து எழுத வேண்டும்: ‘தாங்கள் குறிப்பிடும் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் ஒப்பந்தத்தின் நகல், கணக்கு விவரம், வசூலிக்கத் தங்களுக்கு அளிக்கப்பட்ட அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும்.’ இவ்வளவே போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான் நகல்களை இணைக்காதீர்கள்.

எல்லாக் கடிதத்தையும் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் கிடைத்தால் 15 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி வீட்டுக் கடனுக்கு வரும் நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம். இவற்றையும் நீதிமன்றச் சம்மனையும் வழக்கறிஞரிடம் உடனே காட்டுங்கள்.

கடன் உண்மையாகவே இருந்தாலும், ரிசர்வ் வங்கி விதிப்படி வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. வங்கியிடம் எழுத்தில் புகார் அளித்து 30 நாட்களில் தீர்வு வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மோசடிக் கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு.